தலை ஆடினா சம்மதமா?

கொஞ்சம் இருங்க... கைத்தட்டல் அப்புறம். நாளைக்கு அதிகாரிங்க வரப்போறாங்க. "கால்வாய்க் கரையைக் காலி பண்ணிட்டு, ஊருக்கு வெளியே கட்டியிருக்கிற அடுக்கு வீட்டுக்குப் போறீங்களா?"ன்னு கேக்கப்போறாங்க. நாம என்ன சொல்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, சின்னதா ஒரு கதை இருக்கு. அதைக் காதுல வாங்கிக்குங்க.

கம்ப்யூட்டர் கதை! அஞ்சாவதோட நின்னவளுக்கு என்ன கம்ப்யூட்டர்னு அங்க ஒருத்தன் சிரிக்கிறான் பாரு... சிரிப்பா, நல்லா சிரி. கதை நிக்காது.

வசுமதின்னு ஒருத்தி. நாப்பது வயசு. பிறந்ததுலேருந்து வாய் பேச வராது. கை சொன்ன பேச்சு கேக்காது. தலை இருக்கே, அது தானா மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். நரம்புக் கோளாறு. "சாப்பிட்டியா வசு?" தலை ஆடும். "இன்னும் சாப்பிடலியா?" அதுக்கும் ஆடும். ஆனா புத்தி? கத்தி!

அவ அப்பா ஒரு காரியம் பண்ணினார். டிவியில மாட்டுற அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி, அவரே உக்காந்து ஒரு ப்ரோகிராம் எழுதினார். டிவியில தமிழ் எழுத்தெல்லாம் வரிசையா நிக்கும். ஒரு கட்டம் ஒவ்வொரு எழுத்தா நகர்ந்து போகும். வேணுங்கிற எழுத்துக்கு வந்ததும் வசுமதி முழங்காலால ஒரு சுவிட்சை இடிப்பா. எழுத்து விழும். அப்புறம் அடுத்தது... அப்புறம் அடுத்தது... அதுதாங்க அவ வாய். அந்த வாயாலதான் அண்ணனைத் திட்டுவா, குழம்புல உப்பு இல்லேம்பா, எதிர்வீட்டு யாஸ்மினோட உக்காந்து சினிமாக் கதை பேசுவா.

அப்பா போயிட்டார். கொஞ்ச நாள்ல கம்ப்யூட்டரும் புகைஞ்சு போச்சு. எங்க தேடியும் அதுக்கு உதிரி பாகம் கிடைக்கல. வீடு இப்போ அண்ணன் கோதண்டம் கையில. அவர் என்ன நினைச்சார்? இவளை ஒரு இல்லத்துல சேத்துட்டு, வீட்டை இடிச்சுக் கட்டலாம்னு. இல்லத்துக்காரங்க, "அவங்க சம்மதம் வேணும் சார்"னாங்க. கோதண்டம் அவங்க முன்னாடியே கேட்டார். "போறியாம்மா?"

தலை ஆடிச்சு.

"பாத்தீங்களா, சரிங்கிறா!"

கூடப் பொறந்தவன்... அந்தத் தலை ஏன் ஆடுதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் கேட்டான்.

யாஸ்மின் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவ. விஷயம் கேட்டதும் ஓடி வந்தா. "வசுக்கா, பழைய மெஷின் போனா போகட்டும். ப்ரோகிராம் கேசட்டுல இருக்குல்ல?" ஆமாங்க, பாட்டு கேப்போமே அதே கேசட்டுலதான் அந்தக் காலத்துல பதிஞ்சு வைப்பாங்களாம். ஓட விட்டா கிர்ர்ர்ருன்னு இரைச்சல்தான் வரும். அந்த இரைச்சலை லேப்டாப்ல ஏத்தினா. அதுக்குள்ள எமுலேட்டர்னு ஒண்ணைப் போட்டா. அது என்ன பண்ணும்? புது கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டி விடும். பழைய ப்ரோகிராம், தன் சொந்த வீட்டுல இருக்கிறதா நினைச்சுக்கிட்டு ஓடும்.

இல்லத்து மேடம் சம்மதத் தாளும் மை டப்பாவுமா வந்து உக்காந்தாங்க. யாஸ்மின் லேப்டாப்பைத் திறந்து, முழங்கால் சுவிட்சையும் அதுல மாட்டி வச்சா. "மேடம், அவங்களே பதில் சொல்லுவாங்க."

கட்டம் நகர்ந்துச்சா? இல்ல... பறந்துச்சு! கண்ணுலயே நிக்கல. வசுமதி இடிக்கிறா, என்னமோ ஒரு எழுத்து விழுது. மறுபடி இடிக்கிறா, வேற என்னமோ. கடைசியில "ஞழபூ"ன்னு நிக்குது.

கோதண்டம் சிரிச்சான். "இதான் பதிலா? மேடம், இவ போறேன்னு அன்னைக்கே தலையாட்டிட்டா. கட்டை விரலைப் பிடிங்க."

பிடிச்சாங்க. மையில அழுத்திட்டாங்க! வசுமதி கண்ணுல தண்ணி கொட்டுது. தலை மட்டும் ஆடுது... ஆடுது...

அப்பதான் யாஸ்மின் நெத்தியில அடிச்சுக்கிட்டா. கேசட்டு ஏற நேரமாகுதுன்னு லேப்டாப்ல வேகத்தை முழுசா ஏத்தி வச்சவ, இறக்க மறந்துட்டா! "மேடம், கையை விடுங்க! பழைய வேகத்துக்கு இறக்கணும்."

"எனக்கு வேற வேலை இருக்கும்மா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவங்க வாழ்க்கை மேடம் இது. உக்காருங்க!"

இறக்கினா. கட்டம் நடக்க ஆரம்பிச்சுது... நிதானமா... அப்பா வச்ச அதே நடை. முழங்கால், டக். மா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. டக். ட். மேடம் கடிகாரத்தைப் பாக்கிறாங்க. பாக்கட்டும். டக்... டக்...

மாட்டேன்.

மேடம் கையை விட்டுட்டாங்க. கோதண்டம் குழையறான். "அம்மாடி, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்... நல்லா யோசிச்சுச் சொல்லு. யாராவது ஒருத்தர் இந்த வீட்டை விட்டுப் போனாத்தானே ஆகும்?"

டக். டக். ரெண்டே எழுத்து.

நீ போ.

மேடம் சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு எழுந்தாங்க. வசுமதி அந்த வீட்டுலதான் இருக்கா.

இப்போ நம்ம விஷயத்துக்கு வாங்க. போன கூட்டத்துல நம்மளைப் பத்தி என்ன எழுதிக்கிட்டுப் போனாங்க? "யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை." யாரு எதிர்ப்பைக் கேட்டா? பயத்துல தலையைக் குனிஞ்சோம். அதைச் சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க! "காலம் மாறிப்போச்சு, நீங்களும் மாறிக்குங்க"ன்னு புத்தி வேற சொல்றாங்க. ஏங்க, அவ்வளவு பெரிய புது மெஷின், ஒரு பொம்பளையோட முழங்காலுக்காகத் தன் வேகத்தைக் குறைச்சுக்கிட்டு நிக்குது. மெஷினுக்கு முடியுது... மனுஷனுக்கு முடியாதா?

நாளைக்கு உங்களை அவசரப்படுத்துவாங்க. "சீக்கிரம், அடுத்த ஆளு வா"ம்பாங்க. நீங்க உக்காருங்க. அவங்களையும் உக்கார வைங்க. திக்கினாலும் பரவாயில்ல, அழுதாலும் பரவாயில்ல, உங்க வாயால நீங்க சொல்லுங்க. உங்க புருஷனோ, மகனோ, வார்டுல பெரிய மனுஷன்னு சொல்லிக்கிறவனோ உங்களுக்காகச் சொல்ல வேணாம்.

எங்க, இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. போறீங்களா?

கேக்கல... குழாயடிப் பக்கம் நிக்கிற பொம்பளைங்களையும் சேத்துத்தான் கேக்கிறேன். போறீங்களா?

ஆங்... இப்ப கேக்குது.