இருட்டிலும் காக்கும் படலம்

எண்ணத்தில் தெளிந்தவரே! எளிமையில் உயர்ந்தவரே! எங்கள் ஆய்வகத்தின் அக்காவே! வணக்கம்.

கண்ணுக்குத் தெரியாத துத்தநாக ஆக்சைடு நுண்துகளை மெல்லிய படலத்தில் கலந்து, பாக்டீரியாவைத் தடுக்கும் உணவு உறை செய்தவர் நீங்கள். அந்தப் படலத்தை ஜன்னலில் பிடித்தால் எதிர்மாடியில் காயும் துணி தெரியும். அதன் வழியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கனவு காண்கிறீர்கள் என்று நினைத்தோம்.

முதல் சோதனை முடிந்த மதியம், ஜன்னலோர மேசையில் சோதனைத் தட்டுகள். ஒவ்வொரு படலத் துண்டைச் சுற்றியும் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம், நிலவைச் சுற்றி ஒளிவட்டம் கட்டியதுபோல. இனிப்புகூட வந்துவிட்டது. மேலாளர் ஒப்புதல் தாளை நீட்டினார். நீங்கள் வாங்கவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சே, இன்னும் என்னம்மா?"

"வெளிச்சத்துல செத்துச்சு சார். கோழிக்கறி குளிர்பெட்டியில, இருட்டுலதானே கிடக்கும்?"

பாக்டீரியாவைக் கொல்ல இந்தத் துகளுக்கு வெளிச்சம் துணை. அறிந்திருந்தும் வெளிச்சமான மேசையாகப் பார்த்து வைத்திருந்தோம். மறுநாள் புதிய தட்டுகளை வைத்துக் கறுப்புத் தாளில் சுற்றினீர்கள். வளையம் சுருங்கியது. எங்கள் முகமும்தான்.

ஜன்னலுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினீர்கள். "இது லேபா, சினிமா கொட்டகையா அக்கா?" என்றார் கருவி பராமரிப்பவர்.

"படம் ஓடுறப்போ பேசக்கூடாது. உக்காருங்க."

துகள்கள் படலத்தில் மாவுக்கட்டிபோல் திரண்டு கிடந்ததால்தான் இருட்டில் வலுவிழந்தன என்று கண்டீர்கள். கட்டி உடைத்து, சீராகப் பரப்பி, மீண்டும் வார்த்தீர்கள். அரையிருளில் அந்த மாதங்கள் நீருக்கடியில் நடப்பதுபோல் நகர்ந்தன. கையெழுத்து வராவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்றது மேலிடம். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

புதிய படலம் சுற்றிய இறைச்சி இப்போது குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளை திறக்கிறோம். கெடாதிருந்தால் பிரிவு பிழைக்கும். கெட்டிருந்தால் மூடுவார்கள். நீங்களோ இன்றே பணி ஓய்வு பெற்று விடைபெறுகிறீர்கள்.

"இப்பவே உங்க கையால திறந்துடலாமா அக்கா?" என்று காலையில் கேட்டோம்.

"ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, மேசையைத் துடைக்கத் தொடங்கினீர்கள்.

அக்கா, நோயின்றி நெடுநாள் வாழுங்கள். காலையில் அவசரமின்றி விழியுங்கள். மதியத்தில் தூங்குங்கள்.

நாளை அந்த ஒப்புதல் தாள் எங்களிடம் வரும். இறைச்சி நன்றாக இருந்தால் கையெழுத்திடுவோம். இல்லையென்றால், வேலையே போனாலும் இட மாட்டோம்.

அன்புடன்,
உறை ஆய்வகத்தில் உங்களோடு நின்றவர்கள்