சிவப்பு விளக்கு

நான்கு ரிமோட் இருக்கும் வீட்டில் ஒன்றாவது சோபா இடுக்கில்தான் கிடக்கும். அதனால்தான் மாமனாருக்கு எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் கொண்டுவந்து கொடுத்தேன் ஐயா. ஷிம்கெண்ட் நகரில் பாதி வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டியவன் நான்.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் டிரிகர் என்று இரண்டு துளைகள் உண்டு. அதிலிருந்து கம்பி இழுத்துவிட்டால், ஆம்ப்ளிஃபையர் விழிக்கும்போது அந்தப் பக்கம் இருப்பதும் விழித்துக்கொள்ளும். ஒன்றைத் திரைக்குக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினால் திரை இறங்கும், இன்னொரு முறை அமுக்கினால் ஏறும். மலிவான மோட்டார், மாவு அரைப்பது போலச் சத்தம் போடும். மாற்றச் சொல்லி என் மனைவி குல்யாஷ் அலுத்துவிட்டாள்.

மாமனார் ஓரின்பாய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபின், இரண்டாவது துளையிலிருந்து அடுத்த அறையில் என் வேலை மேசைக்கு ஒரு சிவப்பு விளக்கு இழுத்தேன். அதே பொத்தானை அமுக்கினால் திரையோடு இதுவும் எரியும். சளி தொண்டையில் அடைத்தால் யாராவது தூக்கி உட்காரவைக்க வேண்டும். அவருக்கு அசைந்தது ஒரு கட்டைவிரல் மட்டும். பகலில் குல்யாஷ் மருந்துக்கடைக்குப் போய்விடுவாள். யோசனை என்னுடையதுதான், யாரும் கேட்கவில்லை.

பெண் வீட்டில் தங்கும் மாப்பிள்ளையை எங்கள் ஊரில் நாய்க்குட்டி மாப்பிள்ளை என்பார்கள். நாக்கு இருந்தவரை மாமனார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, குட்டிதான். நாக்கு போனதும் விளக்கு வந்தது. தண்ணீர், தலையணை, ஜன்னல். சில நேரம் போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வருகிறேனா என்று சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அலுத்துப்போனேன் ஐயா. தூங்கினாலும் கண்ணுக்குள் சிவப்பாகவே இருக்கும்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்துக்கு அவருடைய பழைய சிநேகிதர் சாபித் வந்திருந்தார். ரிமோட்டை எடுத்து அமுக்கினார். நான் ஓடிப்போனேன். அறை நிறைய ஆட்கள்.

"பாத்தீங்களா, பொத்தானை அமுக்கினா குட்டி ஓடி வருது. வாலு ஒண்ணுதான் பாக்கி" என்றார் சாபித்.

"இன்னொரு தடவை அமுக்குங்க மாமா, வேற வித்தை ஏதாச்சும் காட்டுதான்னு பாப்போம்" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் பாதி வாயால் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அதை உங்களிடம் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் ஆம்ப்ளிஃபையரின் மெனுவைத் திறந்து, இரண்டாவது டிரிகரை ரேடியோவுக்கு மாற்றினேன். ரேடியோ வைத்தால் மட்டும்தான் விளக்கு எரியும். அவர் ரேடியோ கேட்பதில்லை. ஒரு நாளாவது மேசையில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அன்று மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் திரை இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது, ஏறியது. கொஞ்ச நேரம் விடாமல் அப்படியே. கையில் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்து வைத்திருந்தேன், பாதியில் விட்டால் திருகுகள் தொலைந்துவிடும். சத்தம் நின்றபின் பொறுமையாக மூடி முடுக்கினேன். பிறகு அவர் அறைக்குப் போய் மெனுவைப் பழையபடி மாற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. அடக்கம் முடிந்து வந்து குல்யாஷ் கேட்டாள்: "அப்பா கூப்பிடலையா? விளக்கு எரியலையா?"

"எரியல" என்றேன். "எரிந்தது, நான் கொல்லைப்பக்கம் போயிருந்தேன்" என்று சொல்லியிருந்தால் இன்று இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பொய் எனக்கு வராது.

அவள் போய்ப் பொத்தானை அமுக்கினாள். என் மேசையில் சிவப்பாக எரிந்தது. வந்து பார்த்து, "எனக்கு எரியுதே" என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். விளக்கு எரிந்து நான் போகாமல் இருந்தது ஒரு நாளும் கிடையாது ஐயா.