மூன்றாம் தரம் வரை

தாம்பரத்திலிருந்து சென்னை பீச் போகும் காலை நேர மின்சார ரயிலில் எனக்கு எதிரே நாற்பது வயதுப் பெண் ஒருவரும் அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய மரச்சாமான்களை ஏலம் விடுபவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சானடோரியம் தாண்டியதும் அக்கா சொன்னார்: "ஏலம் நடத்த அன்னைக்குப் பார்த்தோமே, அந்த சாஃப்ட்வேருக்குப் பொறுமையே கிடையாதுடா."

"வேகம்தானேக்கா நமக்கு வேணும்? கேட்ட விலையைத் தட்டினதும் பில்லே போட்டுடுது."

"அதான் வேணாங்கறேன். நான் ரெண்டு தரம்னு சொல்லி நிறுத்தினாத்தான் பின்னாடி நிக்கிறவன் கையைத் தூக்குவான். இது முதல் தரத்துலயே ஏலத்தை மூடிடுது. சாமானை நம்பிக் குடுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"அதுக்காக இன்னொரு கம்பெனிக்காரர் நமக்குன்னு மாத்தி எழுதுவாரா?"

"எழுதறேன்னுட்டாரு. அதைத்தான் வாங்கறோம்."

அக்காவின் செல்போன் ஒலித்தது. அந்தக் கம்பெனிக்காரர்தான்.

"ஒவ்வொரு தரத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம் நிக்கணுமா? செகண்ட் கணக்கெல்லாம் தெரியாது சார். நான் சொல்றேன், நீங்க அளந்துக்கோங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேக்கு பீரோ! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

பெட்டி முழுவதும் அடங்கிவிட்டது. குரோம்பேட்டையில் இறங்க எழுந்தவர்கூடக் கம்பியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "எங்க அக்கா சார்."

"மூணு தரம்!"

பிறகு போனில்: "அவ்ளோதான் சார். அதுக்கு முன்னாடி உங்க கம்ப்யூட்டர் வாயைத் திறக்கக் கூடாது."