விரிசல் இல்லாத சீடை

காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ரேஷனில் கொடுக்கிற சர்க்கரை மாதக் கடைசிக்கு எட்டுவதில்லை. பாலக்காட்டிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்திருக்கிறீர்கள், முதுகு விண்விண்ணென்று வலிக்கும். நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். இவர் ஆபீஸிலிருந்து வரச் சாயங்காலமாகும். ஷ்யாமளா பள்ளிக்கூடம் விட்டு வரவும் நேரம் இருக்கிறது.

குழந்தையை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்றீர்கள். நீங்கள் அம்மிணியின் அண்ணா, குழந்தைக்குத் தாய்மாமன். மகாதேவன் வக்கீல் என்றால் உங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை என்று அம்மிணியே பெருமையாகச் சொல்வாள். இவருடைய தம்பி, என் மைத்துனன் ஜகந்நாதன் டில்லியில் மறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். தங்கை பெண் மாற்றாந்தாயிடம் வளர வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வந்த காலோடு ஒரு வார்த்தை கேட்டீர்களே, "உங்களுக்கு அவளிடம் என்ன பாத்தியதை?" என்று, அது எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் வக்கீல். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். அதனால்தான் இதைச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அம்மிணிக்குப் பிரசவம் ஆனதும் காமாலை கண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவள் எழுந்து நடமாடவே மாதக்கணக்காயிற்று. அதுவரை ஷ்யாமளா என் மடியில்தான் இருந்தாள். எனக்கு மூன்று தடவை வயிற்றில் வந்தது, மூன்றும் தங்கவில்லை. ஜோசியர்கள் ஆளுக்கொரு பரிகாரம் சொன்னார்கள். பகவான் எங்கள் வீட்டு விலாசத்தை மறந்துவிட்டார் என்று இவர் வேடிக்கையாகச் சொல்வார். பிறகு இந்தக் குழந்தை வந்தது. பல் முளைத்தது, நடந்தது, எல்லாம் என் கண் முன்னால். தூங்கும்போது என் புடவைத் தலைப்பைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்வாள். அவளைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் எதிலும் ஆசை இருந்ததில்லை.

போன வருஷம், இந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இங்கே மாட்டுங்கா வரைக்கும் ஜன்னல் எல்லாம் அதிர்ந்ததே, அந்தச் சித்திரை கழிந்து ஜகந்நாதனுக்கு டில்லிக்கு மாற்றல் வந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸ், இரண்டு அறை. அம்மிணிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமானதிலிருந்து என்னோடு ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு இருந்தவள், சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டேன். நான் கேட்டது அது ஒன்றுதான்.

"நன்னாருக்கு மன்னி! குழந்தையை விட்டுட்டு எந்தத் தாயாராவது போவாளா?" என்று சிரித்தாள். உங்கள் தங்கை சிரித்தால் பார்க்க அழகாக இருக்கும்.

அந்தச் சிரிப்பை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். கோகுலாஷ்டமி கழிந்த வாரம் பயணம். அதற்குள் அம்மிணிக்குக் கையில் ஏதாவது காயம் பட்டால், ஜகந்நாதன் முன்னால் போவான், அவள் இங்கே தங்குவாள், குவார்ட்டர்ஸ் வேறு யாருக்காவது போய்விடும். ஆபீஸ் உத்தரவுகள் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியாததா. ஒரு கொப்புளம் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சீடை எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆண்கள் கடித்துத் தின்பதோடு சரி. அரிசி மாவையும் உளுத்தம் மாவையும் வறுத்துச் சலித்து, வெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்ட வேண்டும். உருட்டும்போது அழுத்தக் கூடாது. மேலே விரிசல் விட்டு, பார்க்கக் கொஞ்சம் அவலட்சணமாக இருந்தால்தான் நல்ல சீடை. துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, ஊசியால் குத்திவிட்டு எண்ணெயில் போட வேண்டும். உள்ளே ஈரம் தங்கி, மேலே வழவழவென்று மூடிக்கொண்டுவிட்டால் ஆவி வெளியே வர வழி தெரியாமல் வெடிக்கும். கொதிக்கிற எண்ணெய் உத்தரம் வரை தெறிக்கும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் சீடை பொரிக்கும்போது முகத்துக்கு நேராக ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி உட்காருவது.

கோகுலாஷ்டமி அன்றைக்கு நல்ல மழை. கட்டடத்துக் குழந்தைகள் விளையாட இடமில்லாமல் மாடிப்படியில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் கூப்பிட்டுக் கையலம்பச் சொல்லிக் கூடத்தில் உட்காரவைத்தேன். இந்த வருஷம் கிருஷ்ணனுக்கு நீங்கள்தான் பட்சணம் செய்யப் போகிறீர்கள் என்றேன். குழந்தைகளுக்கு மடி ஆசாரம் கிடையாது, சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து வைத்தேன், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. கண் வைக்க எள்ளு. சின்னச் சின்ன உருண்டையாக இல்லாமல் பெரிதாக, இஷ்டப்பட்ட உருவம் செய்யலாம் என்றதும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பசுமாடு வந்தது, மயில் என்று சொல்லிக்கொண்ட ஒன்று வந்தது. மேல்வீட்டுச் சங்கரன் ஆகாய விமானம் செய்தான்.

"கிருஷ்ணனுக்கு எதுக்குடா ஏரோப்ளேன்?" என்று கேட்டேன்.

"பூதனை வந்தா மேலேருந்து குண்டு போடறதுக்கு மாமி" என்றான்.

யுத்த காலத்துக் குழந்தைகள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரைத் தொட்டுத் தடவித் தடவி, விரிசலே தெரியாமல் வழவழவென்று செய்ய வேண்டும். யாருடையது கண்ணாடி மாதிரி இருக்கிறதோ அவர்களுக்குப் பெப்பர்மிண்ட். குழந்தைகளிடம் எதையும் பரிசு என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்களுக்கு அந்தப் பொறுமை வராது. ஷ்யாமளா நாக்கைத் துருத்திக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெண்ணெய்த் தாழி செய்தாள். கழுத்தில் பீட்ரூட் சாற்றில் ஒரு மாலை வரைந்தாள். அதற்குத்தான் பரிசு கொடுத்தேன். மற்றக் குழந்தைகள் முகம் சுருங்கின, ஆனால் நிஜமாகவே அதுதான் எல்லாவற்றிலும் வழவழப்பு.

எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் எப்போதும் நான்தான் உட்காருவேன். அன்றைக்கு அம்மிணியை உட்காரச் சொன்னேன். "டில்லியிலே நீ தனிக் குடித்தனம் பண்ணப் போறே, பழகிக்க வேண்டாமா?" என்றேன். அவள் உடனே மடிசார் கட்டிக்கொண்டு வந்தாள். இங்கே சிகடி என்று ஓர் இரும்புக் கரியடுப்பு உண்டு. தரையில் மூன்று காலில் நிற்கும், கொஞ்சம் இடித்தாலும் ஆடும். அதன் எதிரே மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழந்தைகளை எல்லாம் பால்கனிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சின்னக் குழந்தைகள் மேல் எண்ணெய் தெறித்துவிட்டால் யார் பதில் சொல்வது? என் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், குழந்தைகள் விஷயத்தில் அஜாக்கிரதை என்று மட்டும் சொல்ல முடியாது. ஷ்யாமளா மாத்திரம் தன் தாழி பொரிவதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவள் ஆசைப்பட்டு நான் மறுத்ததே இல்லை. நிலைப்படிக்கு அந்தண்டை நில் என்றேன்.

"ஓட்டை குத்தியாச்சா மன்னி?" என்று அம்மிணி கேட்டாள்.

"நன்னா குத்தியாச்சு" என்றேன்.

அது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். தட்டு எங்கே என்று தேடினாள், தட்டில் குழந்தைகள் செய்ததை அடுக்கியிருந்தேன். முதலில் ஒன்று போட்டுப் பார்ப்பது வழக்கம் அல்லவா, நானே தனியாக உருட்டிக் குத்தி வைத்திருந்த ஒன்றைப் போட்டேன். பொன்னிறமாக வந்தது. அம்மிணிக்குத் தைரியம் வந்துவிட்டது. பிறகு சங்கரனுடைய விமானத்தையும் மாட்டையும் போட்டாள். அவை சத்தம் போடாமல் வெந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போது நான் பேசாமல் எழுந்து போயிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். தாழி இன்னும் தட்டில் இருந்தது. அதை எடுத்து என் கையால் அவளிடம் கொடுத்தேன்.

"ஷ்யாமா பண்ணினதா? எத்தனை சமத்து!" என்றாள். அதை மெல்ல எண்ணெயில் விட்டு, பெண் செய்ததாயிற்றே என்று, மாலை அழியாமல் இருக்கிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

துறைமுகத்தில் கேட்ட சத்தம் இல்லை. ஆனால் சமையலறைக்கு அது பெரிய சத்தம்தான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு காலை உதறினாள், சிகடி சாய்ந்தது, சட்டி எண்ணெய் முழுக்கக் கரி மேல் கொட்டி நெருப்பு கிளம்பிப் புடவையில் ஏறிவிட்டது. நான் கோணியை எடுத்துப் போர்த்தி அணைத்தேன். கோணி வாசல்பக்கம் மழையில் கால் துடைக்கப் போட்டிருந்தது, எடுத்து வரச் சற்று நேரமாயிற்று. தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பார்கள்.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மராட்டிக்காரர். தின்கிற பண்டம் எப்படி வெடிக்கும் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. இவர்தான் ரேஷன் அரிசி, கல்லும் மண்ணுமாக இருக்கிறது, கல் இருந்தால் வெடிக்கும் என்று ஹிந்தியில் விளக்கினார். கட்டடமே ஆமாம் ஆமாம் என்றது. ரேஷன் மேல் எதைச் சொன்னாலும் அந்த வருஷம் ஜனங்கள் நம்பினார்கள். போலீஸ்காரர் பார்க்க வேண்டும் என்றதால் பொன்னிறமாக வந்த அந்த ஒரு சீடையைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, பஹுத் அச்சா என்றார். சுவாமிக்கு நைவேத்தியம் ஆகாததை ஒருத்தர் தின்னும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தல்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மிணி ஒரு வாரம் போல இருந்தாள். கண் இரண்டும் போய்விட்டது. நான்தான் ராப்பகலாகக் கூட இருந்தேன், ஜகந்நாதனைக் கேளுங்கள். ஒரு நாள் என் கையைத் தடவிப் பார்த்து, "ஓட்டை குத்தலையே மன்னி" என்றாள். ஜுர வேகம் என்று நர்ஸ் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "ஷ்யாமாவைப் பாத்துக்கோங்கோ" என்றாள். நீங்கள் பாத்தியதை என்றீர்களே, பெற்றவள் வாயாலேயே சொன்னது அது. மறுநாள் போய்விட்டாள்.

ஆக, உங்கள் தங்கையைக் கொன்றது நான்தான். கொப்புளம் போதும் என்று ஆரம்பித்தேன், தாழியை எடுத்துக் கொடுத்தபோது கொப்புளத்தோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெற்றவள் பத்து மாதம் சுமப்பாள், வேறென்ன செய்வாள்? இந்தக் குழந்தைக்காக நான் செய்த அளவுக்கு நீங்கள் செய்வீர்களா, உங்கள் ஆத்துக்காரி செய்வாளா, யோசித்துச் சொல்லுங்கள்.

போலீஸுக்குப் போவதானால் போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் குழந்தை உங்களோடு வர மாட்டாள். அவளையே கேட்டுப் பாருங்கள், இதோ வருகிற வேளைதான். இப்போது முன்னைப்போல் அதிகம் பேசுவதில்லை. அடுப்படிக்கு வர மாட்டாள், மற்றக் குழந்தைகளோடு சேர மாட்டாள். என் புடவைத் தலைப்பை விடுவதே இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்வாள்: "என் சீடைதான் அம்மாவைக் கொன்னுடுத்து. வேற யாருக்காவது தெரிஞ்சா என்னை ஆத்திலே வெச்சுக்க மாட்டா. பெரியம்மா மட்டும்தான் கோச்சுக்கலை." நான் அப்படி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு நிலைப்படியில் நின்று, என்னுதா பெரியம்மா, என்னுதா என்று அழுதாள். ஆமாம், ஆனால் நீ வேணும்னு பண்ணலையே என்றேன்.

அவள் சொன்னால் நீங்கள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். சின்னக் குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள். நான் அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.