கதிரவெளிக்கு எடுத்த சேர்வர்

இணையத்தளம் வைக்க ஷெயார்ட் ஹோஸ்டிங் எடுப்பதா, வி.பி.எஸ். எடுப்பதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் ஒரு பிளேன்டீ கொடுப்பேன். குடித்து முடிப்பதற்குள் பாதிப்பேர் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு, பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன விளக்கத்தைச் சொல்வேன். தளங்கள் இருக்கிற கணினிதான் சேர்வர்; அதில் ஷெயார்ட் என்றால் இருபது குடும்பம் ஒரே கிணற்றில் அள்ளுவது. செலவு குறைவு, ஆனால் பக்கத்து வீட்டில் கலியாணம் வந்தால் உங்களுக்குத் தண்ணீர் இல்லை. வி.பி.எஸ். என்றால் வேலியடைத்த சொந்த வளவு, சொந்தக் கிணறு. யார் வீட்டில் என்ன நடந்தாலும் உங்கள் தண்ணீர் உங்களுக்கு.

நீங்கள் தொலைபேசிக் கம்பனியை விசாரிக்க வந்தவர். இந்தக் கதை எதற்கு என்று நினைப்பீர்கள். அஜந்தா அக்காவுக்கும் நான் இதைத்தான் சொன்னேன், அதனால் சொல்கிறேன். கம்பனிமேல் பிழை இல்லை.

அஜந்தா அக்கா கதிரவெளியில் ஒரு சின்ன மீனவர் சங்கத்தின் செயலாளர். நான்கு வருடத்துக்கு முன் புளியந்தீவில் இருக்கும் என் கடைக்கு வந்தார். அவருக்கு வேண்டியது ஓர் இணையத்தளம், அதில் ஒரு பொத்தான். காற்று எழும்பப்போகிறது என்று தகவல் வந்ததும் அவர் அதை அழுத்துவார். சங்கத்து ஆட்கள் இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் சேர்வர் தானாகவே அழைப்பு எடுத்து, அவர் பதிந்து வைத்த குரலைக் கேட்கச் செய்யும். "காத்து எழும்புது. இண்டைக்குக் கடலுக்கு இறங்காதீங்க." அவ்வளவுதான்.

"தம்பி, பிந்தினா ஒரு பிரயோசனமும் இல்ல. கால்மணித்தியாலம் பிந்தினாலும் கடலுக்குப் போட்டைத் தள்ளிருவாங்க," என்றார். "சங்கத்தில எல்லாரையும் சம்மதிக்க வெச்சிட்டன். எங்களுக்குத் தனியாவே எடுத்துத் தாங்க."

தனியாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை.

அது நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மீறி நன்றாக என்றும் சொல்லலாம். இரண்டு வருடத்துக்குள் கதிரவெளியில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மத்தியானத்துக்குமேல் போட்டைத் தள்ளுமுன் ஒருவரையொருவர் கேட்பார்கள், சேர்வரிலிருந்து ஃபோன் கோல் வந்ததா என்று. வரவில்லை என்றால் கடல் நல்லது. ரதீஸ் என்று ஒருவர், அப்போதுதான் கலியாணம் முடித்தவர், ஒருநாள் கடற்கரையில் வைத்து என் கையைப் பிடித்துச் சொன்னார்: "அண்ணன், உங்கட சேர்வர் பேசாம இரிந்தா எங்கட வீட்டுப் பொம்புளையள் நிம்மதியா இரிப்பாங்க." எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் வருடத்தில் பத்து நாள் விழித்திருக்கும் சேர்வர், மற்ற நாளெல்லாம் தூங்கியது. மாரியில் விதைக்காமல் கிடக்கும் வயல்வட்டையைப் பார்த்தால் அதன் சொந்தக்காரப் போடியாருக்கு எப்படி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் ஏறாவூர்ப் புடவைக்கடை ஒன்றின் தளத்தை அதில் கொண்டுபோய் வைத்தேன். யாருக்கும் தெரியவில்லை, யாருக்கும் நட்டமில்லை. பிறகு ஒரு கலியாண மண்டபம். கடைசியில் நானே நடத்துகிற செய்தித்தளம். ஷெயார்டில் இருந்தபோது பார்க்க வருகிற கூட்டம் கூடினால் அது விழுந்துவிடும். விழுந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

செய்தித்தளத்துக்கு எப்போது கூட்டம் கூடும்? மழை, வெள்ளம், புயல் என்றால். அஜந்தா அக்கா எப்போது பொத்தானை அழுத்துவார்? அதே நாளில். இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் யோசித்தேன். வரும்போது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். களைப்பாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

போன கார்த்திகையில் வந்தது. காலையில் நல்ல வெயில். ஆழ்கடலில் இருந்த புயல் திசை மாறுகிறது என்று பத்து மணிக்குமேல் தகவல் வந்தது. பனிச்சங்கேணிப் பாலத்தடியில் தண்ணீர் ஏறுகிற வீடியோ ஒன்று எனக்குக் கிடைத்தது, தளத்தில் போட்டேன். கட்டாரிலும் கனடாவிலும் இருக்கிற நம்முடைய ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து பார்த்தார்கள். புயல் கரைப்பக்கம் வருவது உறுதியானதும், ஒன்றேகாலுக்கு அஜந்தா அக்கா பொத்தானை அழுத்தினார். அவர் அன்று மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார், அங்கிருந்தே அழுத்தினார். அழைப்பு வேலை தொடங்கியதும் என் செய்தித்தளம் அப்படியே நின்றது. இரண்டையும் தாங்க அந்தச் சேர்வரில் இடம் இல்லை. ஒன்றை நிறுத்த வேண்டும்.

அழைப்பை நிறுத்தினேன். அதற்குள் ஓர் எண்ணுக்கு மட்டும் போயிருந்தது. பட்டியலில் முதலாவதாக இருந்த அஜந்தா அக்காவின் எண்.

உடனே எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, எனக்குக் கோல் வந்திட்டு. மத்த ஆக்களுக்கும் போகுதுதானே?"

"ஓம் அக்கா, போய்க்கொண்டிரிக்கு."

"அப்ப சரி. நான் கூட்டத்துக்குள்ள போறன்."

அரை மணித்தியாலம் என்றுதான் நினைத்தேன். தளத்தில் கூட்டம் குறைந்ததும் அழைப்பைத் தொடங்கலாம். கூட்டம் குறையவில்லை. இரண்டு மணிக்கு இன்னொரு வீடியோ வந்தது, முந்தியதைவிட நல்ல வீடியோ. மூன்று மணிக்குப் போட்டைத் தள்ளுமுன் கதிரவெளிக் கரையில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கோல் வந்ததா என்று கேட்பார்கள். வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் இருந்தேன்.

நாலு பத்துக்கு அழைப்பைத் திரும்பத் தொடங்கினேன். இருநூற்றுக்கும் அருமையாகப் போனது, ஒன்றும் தவறவில்லை. ரதீஸ் கடலுக்குப் போகும்போது கைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர். மனைவி நிருஷா எடுத்திருக்கிறார். கடலுக்கு இறங்காதீங்க என்ற குரலை முடியும்வரை கேட்டிருக்கிறார். பதினொரு விநாடி என்று சேர்வரில் பதிவு இருக்கிறது.

மூன்று போட், ஐந்து பேர்.

செத்தவீட்டில் அஜந்தா அக்கா என் தோளைத் தட்டினார். "நெட்வேர்க் பிந்தினதுக்கு நீங்க என்ன செய்ற தம்பி? உங்களப் போட்டு வருத்தாதீங்க. நான் கம்பனிக்காரன விடமாட்டன்." அன்று நான் அழுதேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாக நீங்கள் நினைப்பீர்கள். அப்படியில்லை, உண்மையாகவே அழுதேன். ரதீஸை எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரின் பெயரையும் முகத்தையும் முதன்முதல் வெளியிட்டது என் தளம்தான். மற்றச் செய்திக்காரர்கள் படம் தேடி வீடுவீடாக ஏறி இறங்கி, அழுகிறவர்களைக் கரைச்சல்படுத்தினார்கள். எனக்கு அந்த வேலை இருக்கவில்லை. அங்கத்தவர்களின் படமெல்லாம் சங்கத்துத் தளத்தில் இருந்தது, ஒரே சேர்வர்தானே. ரதீஸின் படம் கொஞ்சம் இருட்டு. அதை வெளிச்சமாக்கிப் போட்டேன். அன்று வந்த கூட்டம் அதற்குமுன் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் தளம் ஒரு நிமிடம்கூட விழவில்லை. அந்தக் குடும்பங்களுக்காக என்னால் அதையாவது செய்ய முடிந்தது.