நாலு தட்டு முன்னால் வந்த ட்ரம்பெட்

மைக்கை என்னிடம் தந்துவிட்டுக் கடிகாரத்தைத் தன் கையில் வைத்திருக்கும் தலைவர், நம் சபையின் டீக்கன் ஹோரஸ் அவர்களே! வெள்ளைத் தொப்பிகளால் முன்வரிசையை நிரப்பி, பின்வரிசைக்கு மேடையை மறைத்து வீற்றிருக்கும் சபைத் தாய்மார்களே! பிட்ஸ்பர்க்கின் மேட்டுத் தெருக்களில் பிறந்து, மேளத்தோடு வளர்ந்த பெரியோர்களே! என் கடையில் தலையைக் கொடுத்தவர்களே, இனிமேல் கொடுக்கப்போகிறவர்களே! முடிவெட்டும் வெண்டலின் முதல் வணக்கம்.

யாரோ ஆமென் என்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை ஐயா, சேர்த்து வையுங்கள்.

அன்பர்களே! புதையலைக் கடலில் தேடுவார்கள், காட்டில் தேடுவார்கள். நான் கண்டெடுத்தது எங்கே? நம் சபையின் அடுக்களையில்! ஆடுகிற காபிப் பானைக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது ஓர் இசைத்தட்டு. அட்டையில் காபிக் கறை; கறைக்கு நடுவே, ‘இசைக்கோப்பு: ஏ. டாலிவர்’.

கடைக்குக் கொண்டுபோய்ச் சுழலவிட்டேன். வாசித்தவர்கள் ஆறே பேர். ஆறு பேரா அது? ட்ரம்பெட் ஒன்று சொல்ல, சாக்ஸபோன் அதை மறுக்க, டிராம்போன் நடுவே புகுந்து சமாதானம் பேச, பியானோ அத்தனை பேரையும் பார்த்துச் சிரிக்க, ஆறு பேர் அறுபது பேராய் ஒலித்தார்கள்! என் கத்தி நின்றுவிட்டது. பாதி மழித்த முகத்தோடு இருந்தவர், “மூஞ்சி கெடக்கட்டும், அத இன்னொரு தரம் போடு” என்றார்.

அட்டையின் படத்தை இணையத்தில் போட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் அழைத்தார். “திரு. டாலிவரோட கல்லறை எங்க இருக்குங்க? பூ வைக்கணும்” என்றார். அதை ஆர்லீத்தா டாலிவர் அம்மையாரிடம் சொன்னேன். ஆம், ஞாயிறுதோறும் நம் பாடகர் குழுவை அதட்டும் அதே அம்மையார்! அவர் சொன்னார்: “கல்லறை இப்ப பொரிச்ச மீன் தின்னுக்கிட்டு இருக்குன்னு சொல்லுடா. பூ வேணாம், எலுமிச்சம்பழம் அனுப்பச் சொல்லு.”

மறுபடி வெளியிட ஒரு நிறுவனம் கேட்டது. முடியாது என்றுவிட்டார். ஏன்? மூன்றாம் பாட்டில், ட்ரம்பெட் வாசித்த லூசியஸ் பீபிள்ஸ் தாளத்தில் நாலு தட்டு முன்னாலேயே நுழைந்துவிட்டார். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, அப்படியே அச்சாகிவிட்டது. “நான் செதுக்கி வச்சத அந்த அவசரக்காரன் ஒடச்சான். அத ஊரெல்லாம் கேக்கணுமா?” என்றார். இசைத்தட்டைப் பானைக்கு அடியில் வைத்தவரும் அம்மையாரே. அதன்பின் ஓர் இசைக்கோப்பும் எழுதவில்லை. லூசியஸோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சபை, சபை விருந்தில் ஒரே சட்டி மீன். அம்மையார் முன்வரிசை, லூசியஸ் கடைசி வரிசை! தாய்மார்களே, தண்டனை போதாதா?

போதாது என்கிறது ஒரு தொப்பி. சரி, சாட்சியைக் கூப்பிடுகிறேன். டீக்கன், கடிகாரத்தை விடுங்கள், இசைத்தட்டில் ஊசியை வையுங்கள்!

கேட்டீர்களா? ட்ரம்பெட் தனியாகத் தாவுகிறது. விழவேண்டிய இடம். விழுந்ததா? இல்லை! தாளத்தின் அடுத்த தட்டிலேயே ஒருவர் கூடவே குதிக்கிறார். அவரைத் தொடர்ந்து நால்வரும் குதிக்கிறார்கள். ஆறு பேர் குழுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் ஒருவரை விழவிட ஐவருக்கும் மனமில்லை! முதலில் குதித்தது எது? பியானோ! பியானோவில் இருந்தது யார்? அம்மா, நீங்கள்! எழுதியதும் உங்கள் கை. எழுதியதை விட்டு அவரோடு போனதும் உங்கள் கை!

என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள். கேட்டீர்களா சபையோரே? “போகாம? அவன அங்க தனியாவா விட்டுட்டுப் போவேன்?” என்கிறார்.

கடைசி வரிசையில் லூசியஸ் எழுந்துவிட்டார். “அப்ப இத்தன வருஷமும் ஏன் ஆர்லீத்தா தனியா விட்ட?” என்கிறார்.

பொறுங்கள், யாரும் ஆமென் சொல்லாதீர்கள். அம்மையார் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைக்கிறார். பக்கத்து நாற்காலி இப்போது காலி! லூசியஸ் ஐயா, வாருங்கள்! “மெதுவா வரச் சொல்லு, முந்திக்கிட்டு வந்ததெல்லாம் போதும்” என்கிறார் அம்மையார். இசைத்தட்டு வெளிவரலாமா அம்மா?

“போட்டுத் தொலை. பேர மட்டும் முழுசாப் போடு. இனி எவனும் என் கல்லறையத் தேடக் கூடாது.”

இப்போது சொல்லுங்கள் சபையோரே, ஆமென்! கடிகாரத்தை மறந்த தலைவருக்கும், காது கொடுத்த உங்களுக்கும், காத்திருந்த அந்தக் காலி நாற்காலிக்கும் நன்றி. வணக்கம். மீன் ஆறுகிறது, எழுந்திருங்கள்!