தாயும் மகளும் ஒரே விலாசத்தில்

வாவிக் காற்று வாசல்வரை வந்து வரவேற்கும் இந்த மண்டபத்திலே, தலைமைக் கதிரையைத் தம் தகைமையால் நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் வைத்தியசாலைத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயா அவர்களே! அவர் அருகே அன்பே உருவாக அமர்ந்திருக்கும் ஆதம்பாவா ஹாஜியார் அவர்களே! ஆரையம்பதியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் தன்னாமுனையிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பிலே சுமந்து வந்திருக்கும் பெருமைக்குரிய தாய்மாரே! பாராட்டைக் கேட்க வெட்கப்பட்டு முன்வரிசையிலே முகம் கவிழ்ந்திருக்கும் கணினிப் பிரிவின் கண்மணிகளே! குழந்தைகள் விடுதியிலே தாதியாக நிற்கும் இந்தச் சீதேவிப்பிள்ளை மிஸ்ஸியின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

அங்கே என்ன சிரிப்பு? "சத்தம் போடாதீங்க" என்று விடுதி முழுக்கச் சத்தம் போடுகிற மிஸ்ஸிக்கு மேடைத் தமிழும் வருமா என்றா? வரும் தம்பி, வரும்! ஒலிவாங்கியைக் கையிலே தந்தால் எனக்கு எல்லாம் வரும்.

இன்று நாம் பாராட்ட வந்திருப்பது றிஸ்லாவையும் நிதுர்ஷனையும். இவர்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே நான்தான் காட்ட வேண்டும்.

நம் வைத்தியசாலைக்குச் சொந்தமாக ஒரு முகில் உண்டு. வானத்திலே அல்ல, மேல்மாடியிலே, குளிரூட்டிய அறையிலே! பிரைவேட் கிளவுட் என்பார்கள். அங்கே நிற்பவை சில பெரிய கணினிகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பல கணினிகள் தனித்தனியே குடியிருக்கின்றன. அவற்றுக்கு வீஎம் என்று பெயர். மருந்தகத்துக்கு ஒன்று, ஆய்வுகூடத்துக்கு ஒன்று, எங்கள் குழந்தைகளின் படங்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. விலாசம் இருந்தால்தான் தரவு போய்ச் சேரும்.

இப்போது ஒரு கேள்வி. நம் மட்டக்களப்பிலே மகளுக்குக் கலியாணம் முடிந்தால் வீடு யாருக்கு? மகளுக்கு! இன்னும் உரக்கச் சொல்லுங்கள் தாய்மாரே, மாப்பிள்ளைமாரின் காதிலும் விழட்டும்! தமிழர் வீட்டிலும் அதே வழக்கம், முஸ்லிம் வீட்டிலும் அதே வழக்கம். தாய் அதே வளவுக்குள் பக்கத்திலே ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு போவாள்.

எங்கள் பிள்ளைகளும் இந்த வழக்கத்தையே முகிலுக்குள் கொண்டுபோனார்கள். பழைய வீஎம் தளர்ந்துபோனால் அதிலிருந்து புதியது ஒன்றைப் பிறப்பிப்பார்கள். பழையது தாய், புதியது மகள். தாயின் விலாசம் மகளுக்குச் சீதனம்! படங்களின் வீஎம்முக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தாய்க்கென்று ஒரு சிறிய வீடு, அதாவது வேறு விலாசம், கொடுக்க மறந்துவிட்டார்கள். "பிறகு பார்ப்பம்" என்று நிறுத்தி வைத்ததோடு சரி. தலையைக் குனியாதே மனே நிதுர்ஷன், நான் இன்னும் முடிக்கவில்லை.

அந்தக் காலத்திலேதான், இன்றைக்குச் சில வருடங்களுக்கு முன்பு, மாங்கேணியிலிருந்து கண்ணகை வந்திருந்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன். மாதம் நிறையாமல் ஒரு மகள் பிறந்திருந்தாள். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளின் கண்ணுக்குள்ளே இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். வேளைக்கு லேசர் வைத்தால் பார்வை தப்பும். தவறினால் வாழ்நாள் முழுக்க இருட்டு.

அன்று காலை கண்ணைப் படம் பிடிக்கும் கருவியோடு ஒரு குழு வந்தது. இரு கண்களையும் எடுத்தார்கள், நம் முகிலிலே சேர்த்தார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கொழும்பிலே இருக்கும் கண் வைத்தியர், "பின்னேரத்துக்குள்ள காட்டுங்க, நாளைக்கு நான் வெளிநாடு" என்று சொல்லியிருந்தார்.

படத்தைத் திறந்தால் வலது கண் இருக்கிறது. இடது கண் எங்கே? படங்களின் வீஎம் ஒரு முறை திறக்கிறது, மறுமுறை முகத்திலே கதவை அடிக்கிறது! நான் மேல்மாடிக்கு ஓடினேன்.

"மனே நிதுர்ஷன், பிள்ளைட மற்றக் கண் எங்க?"

"கேபிள் சரி மிஸ்ஸி. வழியும் திறந்துதான் கிடக்கு. கூப்பிட்டா 'ஓம்' எண்டு பதில் வருது. ஆனா ரெண்டு பேர் மாறி மாறிப் பேசுற மாதிரிக் கிடக்கு."

றிஸ்லா திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வீஎம்முக்கும் பிறவியிலேயே ஓர் அடையாள எண் உண்டு. அதைப் பார்த்தவள் தலையிலே கை வைத்தாள். "அல்லாஹ்வே! ஒரே விலாசத்துல ரெண்டு நம்பர் பதில் சொல்லுது. தாயும் எழும்பிட்டா!"

ஆம்! அன்று காலையிலே மின்சாரம் ஒருமுறை போய் வந்திருந்தது. மின்சாரம் வந்தால் தானாக எழும்ப வேண்டும் என்ற பழைய கட்டளையைத் தாயிடமிருந்து ஒருவரும் நீக்கவில்லை. எழுந்தவள் தன் பழைய வீட்டு வாசலிலே வந்து நின்றுவிட்டாள். வருகிற தரவு தாயிடம் பாதி, மகளிடம் பாதி.

"தாயை அழிச்சிரட்டா? ஒரு சொடுக்கில முடிஞ்சிரும்," என்று நிதுர்ஷன் விரலை வைத்தான்.

"கையை எடுங்க!" றிஸ்லா போட்ட சத்தம் என் விடுதிச் சத்தத்தையும் மிஞ்சியது. "பிள்ளைட கண் தாய்க்கிட்டப் போயிருந்தா?"

நான் கீழே இறங்கினேன். குழந்தை கிடந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்ற கண்ணகை என் கையைப் பிடித்துக் கேட்டது ஒரே கேள்வி. "மிஸ்ஸி, மகள் என்னைப் பாப்பாளா?" பதில் மேல்மாடியிலே இருந்தது.

பிள்ளைகள் தாயின் இணைப்பை முதலிலே மெல்லக் கழற்றினார்கள். அவளுக்கென்று புதிய விலாசம் ஒன்று கொடுத்தார்கள். மீண்டும் இணைத்து உள்ளே பார்த்தால், அம்மா! இடது கண் பத்திரமாக அங்கே இருந்தது.

கொழும்பிலிருந்தே வைத்தியர் இரு படங்களையும் பார்த்தார். "வலது கண் பரவாயில்ல. இடதுக்கு இண்டைக்கே லேசர் வைக்கணும், உடனே அனுப்புங்க!" கொழும்புக்கு அம்பியூலன்ஸ் புறப்பட்டது. நினைத்துப் பாருங்கள் பெரியோரே! அந்த ஒரு சொடுக்கு விழுந்திருந்தால்? வலது கண்ணை மட்டும் பார்த்து நாம் ஆறுதல் அடைந்திருந்தால்?

இணைப்பு என்பது என்ன? கம்பியா? கருவியா? கணக்கா? அல்ல, அல்ல! இணைப்பு அறுந்த இடத்திலே யாரையும் அழித்துவிடாமல், யாரிடம் என்ன இருக்கிறது என்று பொறுமையோடு கேட்கிற மனம் அது! அவசரத்திலும் கையை நிறுத்திய றிஸ்லாவை நான் நேசிக்கிறேன். அவள் சொன்னதும் கையை எடுத்த நிதுர்ஷனையும் அதே அளவு நேசிக்கிறேன். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் மேடையேறினேன்.

செவி தந்த சபைக்கும் பேச விட்ட தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. தமிழால் வணங்குகிறேன், ஸலாமும் சொல்கிறேன்.

பொன்னாடை போர்த்தக் கண்ணகையின் மகள் விதுர்ஷா வருகிறாள். கண்ணகை, பிள்ளையின் கையை விடுகா. ஒருவரும் தூக்க வேண்டாம். படியை அவளே பார்த்து ஏறட்டும்.